மாற்றிப் பார்த்தவன் சொல்கிறேன்

பிரான்ஸில் போல் பசிஃபிகோ என்று ஒருவர் இருக்கிறார். 'ஷட்டர் என்கோடர்' என்ற மென்பொருளை எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாகக் கொடுத்திருக்கிறார். இலங்கையின் கொத்மலையில் இருந்துகொண்டு அந்த மனிதரை நான் வாழ்த்தாத வாரமே இல்லை. கலியாண வீடு, சடங்கு வீடு, கோயில் தேர், காமன் கூத்து என்று எதை எடுத்து வந்தாலும், எடிட்டிங்கில் கை வைப்பதற்கு முன் அது ஒரு தரம் அவருடைய மென்பொருளுக்குள் போய்த்தான் வருகிறது. போகும்போது முரண்டு பிடித்த ஃபைல், வரும்போது சொன்ன சொல் கேட்கிறது. இந்தச் சந்தோசத்தை எழுதாமல் எப்படி இருப்பது!

நம் மலைநாட்டில் வீடியோத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்கிறார்கள். "அண்ணே, கெமராவுல பாத்தா கண்ணாடியாட்டம் இருக்கு. லப்டொப்ல போட்டு எடிட் பண்ணப் போனா இழுக்குது, நிக்குது, சத்தம் ஒரு பக்கம் படம் ஒரு பக்கமாப் போகுது." உடனே புது லப்டொப்புக்குக் கடன் வாங்க ஓடுகிறார்கள். தம்பிமாரே, கொஞ்சம் பொறுங்கள். உங்கள் லப்டொப்பில் குற்றமில்லை. கெமராவிலும் இல்லை. கெமரா எழுதும் ஃபைல் சின்ன கார்டில் நிறைய நேரம் அடங்குவதற்காகச் செய்யப்பட்டது. வெட்டி ஒட்டுவதற்காகச் செய்யப்பட்டதல்ல.

2006இல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து ஏவிசிஎச்டி என்ற முறையைக் கொண்டுவந்தன. ஹேண்டிகேமிலிருந்து வரும் எம்.டி.எஸ். ஃபைல்கள் அந்த வழி வந்தவை. உள்ளே இருப்பது எச்.264 சுருக்கம். தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி வேலை செய்கிறது என்பது உடனே விளங்கும். முதல் வரியில் விவரம் முழுக்க இருக்கும். அடுத்தடுத்த வரிகளில் 'மேற்படி', 'மேற்படி' என்று போய், மாறியதை மட்டும் எழுதியிருப்பார்கள். பத்தாவது வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், விரல் முதல் வரிக்கு ஏறித்தான் இறங்க வேண்டும். கெமரா ஃபைலிலும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் முழுப்படம். இடையில் உள்ளதெல்லாம் முன்னும் பின்னும் உள்ள படங்களிலிருந்து எது மாறியது என்ற குறிப்பு. ஓடவிட்டுப் பார்க்கும்போது இது தொல்லையே இல்லை. ஆனால் எடிட்டிங்கில் நாம் நேராக ஓட்டுகிறோமா? ஒரு ஃபிரேம் பின்னால், இரண்டு ஃபிரேம் முன்னால், வெட்டு, திரும்பப் பார். ஒவ்வொரு தடவையும் லப்டொப் முதல் வரிக்கு ஏறி இறங்குகிறது. 4கே அளவில், இன்னும் இறுக்கிச் சுருக்கும் எச்.265 என்றால் ஏற்றம் இன்னும் செங்குத்து.

இதற்கு மருந்து 'மேற்படி'யே இல்லாத ஃபைல். ஒவ்வொரு ஃபிரேமும் தன் காலில் நிற்க வேண்டும். அவிட் நிறுவனம் 2004இல் டிஎன்எக்ஸ்எச்டி-யைக் கொண்டுவந்தது. ஆப்பிள் 2007இல் ப்ரோரெஸ்ஸைக் கொண்டுவந்தது. சினிஃபோர்ம் என்றொன்றும் உண்டு. அதைக் கோப்ரோ நிறுவனம் வாங்கி, 2017இல் மூல நிரலையே எல்லோருக்கும் திறந்துவிட்டது. எல்லாம் ஒரே எண்ணத்தின் பிள்ளைகள்தான்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் அடுத்த கேள்வி. கெமரா ஃபைல் செக்கனுக்கு 24 மெகாபிட் என்றால் ஒரு மணிநேரத்துக்கு ஏறக்குறைய 11 ஜீபி. அதையே 1080 அளவில், 25 ஃபிரேமில் ப்ரோரெஸ் 422 ஆக மாற்றினால் செக்கனுக்கு 122 மெகாபிட், மணிக்கு 55 ஜீபி. எல்டி என்ற மெலிந்த வகை 85 மெகாபிட், மணிக்கு 38 ஜீபி. ப்ரொக்ஸி வகை 38 மெகாபிட், மணிக்கு 17 ஜீபி. 55 என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். 122 மெகாபிட் என்பது செக்கனுக்குப் பதினைந்து மெகாபைட்தான். சாதாரண யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கே மூச்சு வாங்காமல் கொடுக்கும். புது லப்டொப் விலையையும் ஒரு ஹார்ட் டிஸ்க் விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்!

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாற்றினால் படம் அழகு கூடாது. கெமரா பிடிக்காததை எந்த மென்பொருளும் பிடித்துத் தராது. நல்ல மென்பொருள் இருப்பதைக் குறைக்காமல் கைமாற்றித் தரும், அவ்வளவுதான். அப்படியானால் எது குறைக்காமல் தருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விளம்பரத்தை நம்பாதீர்கள். உங்கள் மலையை நம்புங்கள். கொத்மலையைப் போல ஒரு சோதனைச்சாலை வேறெங்கும் கிடைக்காது என்று நான் அடித்துச் சொல்வேன்.

காற்று வீசும்போது ஒரு தேயிலை மலையை ஒரு நிமிடம் எடுங்கள். கோடிக்கணக்கான சின்ன இலைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைகிறது. சுருக்கும் கணக்குகளுக்கு இதைவிடக் கடினமான காட்சி அபூர்வம். மட்டமான மாற்றியில் போட்டால் கொழுந்தெல்லாம் கரைந்து பச்சைப் பூச்சாகிவிடும். அடுத்து, விடியற்காலை நீர்த்தேக்கத்தின் மேல் படுத்திருக்கும் பனிமூட்டம். வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெல்ல மெல்ல இறங்கும் அந்த நிறம் கெட்ட மாற்றத்தில் படிப்படியாக, வரப்பு வரப்பாகப் பிரிந்து நிற்கும். மூன்றாவது, கூறைப்புடவைச் சிவப்பு. ஹேண்டிகேம் 50i முறையில் எடுத்த படத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு அரைப்படங்களாக இருக்கும். நிறத் தகவல் அந்த அரைப்படங்களில்தான் ஏறியிருக்கிறது என்பதை மென்பொருள் கவனிக்காமல் மாற்றினால், புடவையின் ஓரம் ரம்பப் பல்லாகிவிடும். முகத்தைப் பார்க்காதீர்கள், புடவை ஓரத்தை 200 சதவீதத்துக்குப் பெருப்பித்துப் பாருங்கள். நான்காவது, தப்பு மேளம். குச்சி தோலில் படும் ஃபிரேமும் சத்தம் எழும் ஃபிரேமும் முதல் நிமிடத்திலும் கடைசி நிமிடத்திலும் ஒன்றாகவே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஒரு வழி உண்டு; இதைச் செய்யும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் புல்லரிக்கும். டைம்லைனில் கீழே கெமரா ஃபைல், மேலே மாற்றிய ஃபைல். மேலே உள்ளதை 'டிஃபரன்ஸ்' என்ற கலப்பு முறைக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒன்றென்றால் திரை கருப்பாகிவிடும். எங்கே வித்தியாசமோ அங்கே வெளிச்சம் தெரியும். டிஎன்எக்ஸ்எச்டி-க்குப் பிறகு வந்த டிஎன்எக்ஸ்எச்ஆர் முறையின் எச்க்யூ வகையில் மாற்றிய தேயிலை மலையை இப்படிப் பார்த்தேன். கருப்பு, முழுக் கருப்பு. வெளிச்சத்தை ஏற்றிப் பார்த்தால்தான் மிக மெல்லிய மணல் போல ஏதோ தெரிந்தது. அத்தனை இலையும் அப்படியே வந்திருக்கிறது! அன்றைக்கு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இனி மென்பொருள்களுக்கு வருவோம். முதலில் எல்லாவற்றுக்கும் மூத்த தாய்க்கு ஒரு கும்பிடு. 2000ஆம் ஆண்டு ஃபப்ரிஸ் பெல்லார் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக். இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் வயிற்றுக்குள் இருப்பது இதுதான். கட்டளை தட்டிப் பழகியவர்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆனால் கலியாண வீட்டு வேலை முடித்து இரவு வீட்டுக்கு வந்து கட்டளை தட்ட எல்லோராலும் முடியாது.

ஹேண்ட்பிரேக் எனக்கு மிகவும் பிடித்த மென்பொருள். 2003இல் தொடங்கியது, இன்றும் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அதன் அருமை கடைசி மேசையில்தான். எடிட் முடித்த படத்தை யூடியூப்புக்கோ மாப்பிள்ளை வீட்டுக்கோ சின்னதாக்கிக் கொடுக்க அதை மிஞ்ச ஆளில்லை. எடிட்டிங்குக்கு முன்னால் அதை நான் கூப்பிடுவது ஒரேயொரு வேலைக்கு. கைபேசிகள் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும். டைம்லைன் நிலையான வேகத்தை எதிர்பார்க்கும். பத்து நிமிடம் போனால் சத்தம் விலகுவது இதனால்தான். ஹேண்ட்பிரேக்கில் 'கொன்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' என்பதைத் தெரிவு செய்து ஒரு தரம் ஓட்டினால் தப்பும் சத்தமும் திரும்பச் சேர்ந்துகொள்ளும்.

எடிட்டிங் மென்பொருளான ஷொட்கட் இன்னும் அன்பானது. ஃபிரேம் வேகம் மாறும் ஃபைலை உள்ளே இழுத்ததுமே, இது எடிட்டிங்குக்குத் தோதில்லை, மாற்றித் தரட்டுமா என்று தானாகக் கேட்கும். புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் கையில் கொடுக்கிறேன். கேடென்லைவ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ப்ரொக்ஸி வசதி அருமை: மெலிந்த பிரதியில் வெட்டி ஒட்டி, கடைசியில் மூலப் படத்திலிருந்து வெளியே எடுக்கலாம். டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பும் அப்படியே. நிறம் திருத்த அதைப் போல வேறில்லை. லினக்ஸில் ரிசோல்வ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏஏசி சத்தம் அங்கே கேட்காது. பிசிஎம் ஒலியாக மாற்றித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும்.

இணையத்தில் ஏற்றி மாற்றும் தளங்களைப் பற்றிக் கேட்பார்கள். 60 ஜீபியை இந்த மலையிலிருந்து யார் ஏற்றுவது? காசு கட்டாவிட்டால் படத்தின் நடுவில் தன் பெயரைப் பொறிக்கும் மாற்றிகளும் உண்டு. மணமக்கள் முகத்தில் யாரோ ஒரு கம்பனியின் பெயர்! அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இப்போது என் ஷட்டர் என்கோடர். ஃபைல்களை இழுத்துப் போடு, என்ன வேலை என்று பட்டியலில் தெரிவு செய், தொடங்கு. இவ்வளவுதான் முகப்பு. ஆனால் அந்தப் பட்டியல் ஓர் எடிட்டரின் மனதிலிருந்து வந்த பட்டியல். முதலில் நிற்பதே 'மாற்றாமல் செய்யும்' வேலைகள்! ரீரேப் என்றால் படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றுவது. மாற்றாமல் வெட்டுவது, மாற்றாமல் சேர்ப்பது என்று தனித்தனி. தேவையில்லாமல் படத்தைத் தொடாதே என்ற மரியாதை அதற்குள் இருக்கிறது. அதற்கடுத்து டிஎன்எக்ஸ்எச்டி, டிஎன்எக்ஸ்எச்ஆர், ப்ரோரெஸ் எல்லாம் வரிசையில். விண்டோஸிலும் ப்ரோரெஸ் செய்யலாம். அரைப்படங்களைப் பிரித்து முழுப்படமாக்கும் டீஇன்டர்லேஸ் வேலையும் உள்ளேயே இருக்கிறது.

இதன் முழுப் பெருமையும் காமன் கூத்தில்தான் தெரியும். மாசியில் கம்பம் ஊன்றியதிலிருந்து காமன் தகனம் வரைக்கும் தோட்டமே காமன் பொட்டலில்தான். கடைசி இரவு ரதி, மன்மதன், தூதன், வீரபத்திரன், எமன் என்று ஒவ்வொருவராக இறங்கி ஆட ஆட விடிந்துவிடும். கெமராவை நிறுத்த முடியாது. நிறுத்தாமல் ஓடினால் கார்டில் ஒரே ஃபைலாக இருக்காது. ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜீபியைத் தாண்ட முடியாது என்பதால் கெமரா தானே துண்டு போட்டுக்கொண்டே போகும். துண்டுகளைத் தனித்தனியாக மாற்றினால் ஒட்டும் இடத்தில் சத்தம் ஒரு சொட்டு விழுந்துபோகும். சரியாகத் தப்பு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் அப்படி விழுந்தால் நெஞ்சு பதறும். ஷட்டர் என்கோடரில் முதலில் 'மேர்ஜ்' செய்து துண்டுகளை ஒன்றாக்கிவிட்டு, பிறகுதான் மாற்றத்துக்குப் போக வேண்டும். ஒட்டிய இடம் காதுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது.

பிறகு நெருப்பு. பந்த வெளிச்சத்தில் வீரபத்திரன் சுழன்று ஆடும்போது 50i படத்தில் கையும் வாளும் ஓரமெல்லாம் கோடு கோடாகப் பிரியும். அரைப்படங்களில் ஒன்றை வீசிவிட்டு 25 ஃபிரேம் ஆக்குவது சோம்பேறி வழி. ஒவ்வொரு அரைப்படத்தையும் ஒரு முழுப்படமாக்கி 50 ஃபிரேமாக எடுத்தால், பந்தம் இழுத்துப்போகும் நெருப்புக் கோடு வரைந்த மாதிரி வருகிறது. எச்டி-யில் மேல் அரைப்படம்தான் முதலில். பழைய டிவி (DV) டேப்பில் கீழ் அரைப்படம் முதலில். பழைய டேப்பையும் புதுப் படத்தையும் சேர்த்து வேலை செய்கிறவர்கள் இதை நினைவில் வைத்தால் போதும், ஆட்டம் முன்னும் பின்னும் உதறாது.

அப்படி மாற்றிய படத்தை எங்கள் பக்கத்துக் காமன் மாஸ்டர் ஒருவருக்குப் போட்டுக் காட்டினேன். வயசாளி. தன் ஆட்டத்தைத் திரையில் நிறுத்தி நிறுத்திப் பார்த்ததே இல்லை. "தம்பி, அந்தத் திருப்பத்த இன்னொருக்கா காட்டு" என்றார். காட்டினேன். "இன்னும் மெதுவா." ஒவ்வொரு ஃபிரேமாகத் தட்டினேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, எங்கேயும் தடக்கவில்லை. கால் தரையை விட்டுக் கிளம்பும் ஃபிரேமில் நிறுத்தச் சொன்னார். "இந்தா, இதுதான். பொடியனுங்களுக்கு இதத்தான் நான் வாயால சொல்லிச் சொல்லிப் பாக்குறேன், வெளங்கல. எல்லாரையும் கூட்டிட்டு வாறேன் தம்பி, இதக் காட்டு." அடுத்த கிழமை ஆடப் பழகும் பிள்ளைகளோடு வந்துவிட்டார். நான் லப்டொப்பில் ஃபிரேம் தட்ட, அவர் பக்கத்தில் நின்று அடி சொல்லிக்கொடுத்தார். கெமரா தந்த ஃபைலை அப்படியே வைத்திருந்தால் இந்த வகுப்பு நடந்திருக்காது. எழுதிவைக்காத ஒரு கலை, ஃபிரேம் ஃபிரேமாகப் பிள்ளைகளுக்குப் போகிறது. இதற்கு மேல் ஒரு மென்பொருளுக்கு என்ன சான்றிதழ் வேண்டும்?

கொத்மலைக்கு இதெல்லாம் புதிதுமல்ல. 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, தொண்ணூறுகளின் கடைசியில் யுனெஸ்கோ உதவியோடு இணையத்தைக் கொண்டுவந்து, நேயர்கள் கேட்டதை அதில் தேடி எடுத்து ஒலிபரப்பில் விளக்கிச் சொன்னது. கணினியே இல்லாத வீட்டுக்கு, அந்த வீட்டில் இருக்கும் ரேடியோவுக்கு ஏற்ற மாதிரி இணையத்தை மாற்றிக் கொடுத்த ஊர் இது. உலகமெங்கும் இருந்து ஆய்வாளர்கள் அதைப் படிக்க வந்தார்கள். எனக்கு அதை நினைத்தால் அவ்வளவு பெருமை.

மாற்றும் வேலையை நான் இரவில்தான் விடுவேன். பட்டியல் போட்டுவிட்டுப் படுத்தால் ஒன்று முடிய ஒன்று தானாகப் போய்க்கொண்டிருக்கும். மலைக்குளிரில் லப்டொப்பும் சூடேறாமல் ஓடும். கொழும்பில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. 2022இல் நாடு முழுக்க மின்வெட்டு, மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை போனபோது இந்தப் பட்டியல் முறைதான் என்னைக் காப்பாற்றியது. மொத்தத்தையும் ஒரே ஃபைலாகப் போட்டால் கரண்ட் போகும் நேரத்தில் எல்லாம் போச்சு. எம்.ஓ.வி., எம்.பி.4 ஃபைல்களுக்கு அட்டவணை கடைசியில்தான் எழுதப்படும். பாதியில் நின்றால் திறக்கவே திறக்காது. ஒன்றாக்கிய கூத்தை வேஷம் வேஷமாக வெட்டி வரிசையில் வைத்தால் முடிந்தவரை கையில் இருக்கும். எம்.கே.வி. உறையில் எழுதினால் நின்ற இடம் வரைக்கும் பார்க்கலாம். கேடென்லைவும் ஷொட்கட்டும் அதை மனமாரத் திறக்கும்.

வேலை தொடங்குகிறவர்களுக்கு என் கைப்பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கார்டிலிருந்து எம்.டி.எஸ். ஃபைலை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். பிரைவேட் என்ற ஃபோல்டரை முழுசாகப் பிரதி எடுங்கள். துண்டுகளின் தொடர்பு அதற்குள்தான் இருக்கிறது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து ஃபிரேம் வேகம் நிலையானதா மாறுவதா, முழுப்படமா அரைப்படமா, 8 பிட்டா 10 பிட்டா என்று பாருங்கள். 8 பிட் என்றால் டிஎன்எக்ஸ்எச்ஆர் எஸ்க்யூ போதும்; நிறத்தில் நிறைய வேலை இருந்தால் எச்க்யூ. 10 பிட் என்றால் எச்க்யூஎக்ஸ், அதற்குக் கீழே இறங்கக் கூடாது. டிஎன்எக்ஸ்எச்டி-யை 1080 போன்ற வரையறுத்த அளவுகளுக்கு வையுங்கள், கைபேசியின் நெட்டைப் படங்களுக்கு அது ஒத்துவராது. எச்ஆர் எந்த அளவையும் ஏற்கும். ட்ரோன் படம் போல 4கே நிறைய இருந்தால் முழுதாக மாற்றாமல் ப்ரொக்ஸி செய்யுங்கள், டிஸ்க் தப்பும். வேலை முடிந்து படம் கைமாறியதும் மாற்றிய பெரிய ஃபைல்களைத் தயங்காமல் அழிக்கலாம். மறுபடி வேண்டுமென்றால் ஓர் இரவில் செய்துகொள்ளலாம். கெமரா தந்த மூலத்தை இரண்டு டிஸ்க்கில், இரண்டு வீட்டில் வையுங்கள். பசிஃபிகோவின் தளத்தில் நன்கொடைக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு கலியாண வேலையின் கூலியிலிருந்து முடிந்ததைப் போட்டுவிடுங்கள்.